வெடித்த பஃபரை வீட்டிலேயே ஒட்டுவோம், பத்திரமாக ஒட்டுவோம்



நம்ம பிள்ளைகளில் பலர் இப்போது மலைக்குப் போவதில்லை. வான் ஓட்டுகிறார்கள், திரிவீல் ஓட்டுகிறார்கள். லீசிங் கட்டி வாங்கிய வண்டியும் உண்டு, முதலாளியின் வண்டியை நாள் கூலிக்கு ஓட்டுவதும் உண்டு. காவத்தை, இறக்குவானை, தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பக்கத் தோட்ட ரோடுகள் எப்படிக் கிடக்கின்றன என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. ஒரு முடக்கில் கல்லில் இடித்தால் முதலில் போவது வண்டியின் முன் பம்பர்தான். நம்ம பக்கத்தில் அதைப் பஃபர் என்றுதான் சொல்கிறோம். அதனால் இந்தப் பாடத்திலும் பஃபர் என்றே எழுதுகிறோம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022இல் ரூபாயும் விழுந்தது. பழைய வண்டியைப் பழுது பார்த்துப் பழுது பார்த்து ஓட்டுகிற பழக்கம் அந்த வருடங்களில் எல்லாருக்கும் வந்துவிட்டது. பழுது பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அரைகுறையாகப் பழுது பார்த்தால் காசும் போகும், சில நேரம் கண்ணும் போகும். அதற்காகத்தான் இந்தப் பாடம்.

ஒரு தம்பியின் கதை

எங்களுக்குப் பொறுப்பான டிவிசன் ஒன்றில் ஒரு தம்பி பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிற வான் ஓட்டுகிறார். வண்டி அவருடையது இல்லை. ஐப்பசி மழையில் ரோட்டுக்கு உருண்டு வந்த கல்லில் இடித்து, பைபர் பஃபர் 8 அங்குல நீளத்துக்கு வெடித்துவிட்டது. "புதுசு போட்டுக் குடு, இல்லாட்டி மாசாமாசம் கழிப்பேன்" என்று வண்டிக்காரர் சொல்லிவிட்டார். தம்பியின் அம்மா கொழுந்து எடுக்கிறவர். பெரட்டு முடிந்ததும் நேரே எங்கள் அறைக்கு வந்து, "ஐயா, தீவாளி முற்பணத்த இப்பவே எடுக்க ஏலுமா?" என்று கேட்டார். பண்டிகைக்குத் துணி எடுக்கிற காசு அது.

தம்பி ஏற்கெனவே ஒரு தரம் முயற்சி செய்திருந்தார். ஹாட்வெயார் கடையில் பட்டி வாங்கி, வெளிப்பக்கம் தடவி, தேய்த்து, பெயின்ட்டும் அடித்துவிட்டார். பார்க்கப் புதுசு மாதிரித்தான் இருந்தது. மூன்றாம் நாள் அதே ரோட்டில் அதே இடத்தில் வெடித்தது. ஏன் என்று பார்ப்போம்.

பைபர் என்றால் என்ன?

கண்ணாடியை உருக்கி, தலைமயிரைவிட மெல்லிய நாராக இழுக்கிறார்கள். அந்த நாரைப் பாய் போல அமுக்கினால் அதுதான் மெட். அந்த மெட்டை ரெசின் என்கிற பிசினில் ஊறவைத்து இறுக விட்டால் வருவது பைபர். மண்சுவர் வைக்கிறபோது மண்ணோடு வைக்கோல் மிதிக்கிறோம் இல்லையா? மண் மட்டும் இருந்தால் வெடிக்கும், வைக்கோல்தான் பிடித்து வைத்திருக்கும். பைபரிலும் அப்படித்தான். பலம் நாரில் இருக்கிறது. ரெசின் அந்த நாரை ஒன்றாகச் சேர்த்துப் பிடிக்கிறது.

1953இல் அமெரிக்காவில் செவர்லே கம்பனி கோர்வெட் என்ற காரைப் பைபர் பொடியோடு விட்டது. அந்த முதல் வருடம் செய்தது 300 கார் மட்டும். நம்ம நாட்டில் இந்தத் தொழிலைக் கரையோர மக்கள்தான் நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். யாழ்ப்பாணம் காரைநகரில் நோர்வே உதவியோடு வளர்ந்த சீநோர் நிறுவனம் பைபர் படகுக்குப் பேர் போனது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் ஆயிரக்கணக்கான படகுகள் உடைந்தன. உடைந்த பைபர் படகுகளில் ஏராளமானவை இதே மெட்டும் ரெசினும் வைத்துப் பழுது பார்த்துத்தான் மறுபடி கடலுக்குப் போயின. அலை அடிக்கிற படகே தாங்குகிறது என்றால் பஃபர் தாங்காதா? முறையாகச் செய்தால் தாங்கும்.

இப்போது தம்பி விட்ட பிழை விளங்கும். பட்டியில் நீள நார் இல்லை. அது பள்ளத்தை நிரப்பி வழவழப்பாக்குகிற பொருள். அறுந்த நாரை அது சேர்க்காது. வெடிப்பை மறைப்பது வேறு, ஒட்டுவது வேறு. ஒட்டுகிற வேலை பஃபரின் உள்பக்கத்தில் நடக்க வேண்டும்.

முதலில் பாருங்கள்: இது பைபர்தானா?

இன்றைக்குக் கம்பனியில் இருந்து வருகிற கார், வான்களில் பெரும்பாலும் இருப்பது பிளாஸ்டிக் பஃபர். பைபர் பஃபர் பெரும்பாலும் பிறகு செய்து பூட்டியது. பிளாஸ்டிக்கில் பைபர் ரெசின் பூசினால் நன்றாகப் பிடிக்காது, சில நாளில் தோல் உரிவது போல உரிந்து வரும். ஆகவே காசு செலவழிக்க முன் மூன்று சோதனை செய்யுங்கள்.

ஒன்று, பஃபரைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். பைபர் என்றால் உள்பக்கம் சொரசொரப்பாக, நார் ஓடியது கண்ணுக்குத் தெரியும். பிளாஸ்டிக் என்றால் வழவழப்பாக இருக்கும், பீ.பீ., டீ.பீ.ஓ., ஏ.பீ.எஸ். என்று இங்கிலீஷ் எழுத்தும் குத்தியிருக்கும்.

இரண்டு, உள்பக்கம் ஒரு மூலையில் உப்புத்தாளால் தேயுங்கள். பைபர் வெள்ளைத் தூளாகக் கொட்டும். பிளாஸ்டிக் திரிதிரியாகச் சுருளும்.

மூன்று, வெடித்த ஓரத்தைப் பாருங்கள். பைபரில் அறுந்த நார் துருத்திக்கொண்டு நிற்கும்.

பிளாஸ்டிக் என்று தெரிந்தால் இந்தப் பாடத்தை அதோடு நிறுத்திவிட்டு, பிளாஸ்டிக் வெல்டிங் செய்கிற இடத்துக்குக் கொண்டு போங்கள். பஃபர் பூட்டுகிற இரும்புச் சட்டம் வளைந்திருந்தாலோ, பூட்டுகிற காது முழுதாகப் பிய்ந்திருந்தாலோ, உள்ளே வயர், சென்சர் போன்ற சாமான் இருந்தாலோ கராஜுக்குத்தான் போக வேண்டும்.

வேண்டிய சாமான்கள்

பொலியெஸ்டர் ரெசின். கடையில் "கோபால்ட் கலந்ததுதானே?" என்று கேட்டு வாங்குங்கள். கோபால்ட்டைத் தனியாக வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது. ரெசினை இறுக வைக்கிற ஹார்டனர். ஒரு சதுர மீற்றர் 450 கிராம் நிறையுள்ள மெட். 40, 80, 180, 320 நம்பர் உப்புத்தாள். துடைக்க அசிட்டோன். பழைய பிரஷ் இரண்டு, பிளாஸ்டிக் கோப்பை இரண்டு, ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்று. பட்டி, பிரைமர், பெயின்ட். இவற்றோடு ரப்பர் கையுறை, கண்ணை மூடுகிற கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க். கடைசி மூன்றையும் "பிறகு பார்ப்போம்" என்று விடக் கூடாது. அவை இல்லை என்றால் வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

எங்கே, எப்போது செய்வது?

லயக் காம்பராவுக்குள் செய்யக் கூடாது. இஸ்தோப்பிலும் கூடாது. ரெசினில் இருந்து வருகிற ஆவி தலையைச் சுற்ற வைக்கும், நெருப்பும் பிடிக்கும். நம்ம லயத்தில் ஒரு காம்பரா அடுப்புக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். ஆகவே லயத்தை விட்டுத் தள்ளி, காற்றோட்டமான, மேலே கூரை மட்டும் உள்ள இடமாகப் பாருங்கள். பீடி, சிகரெட் பக்கத்தில் வரக் கூடாது. பீலித் தண்ணீருக்குப் பக்கத்திலும் செய்ய வேண்டாம்.

இரத்தினபுரிப் பக்கம் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிற இடம். ஈரம் பட்ட மெட்டும், ஈரம் காயாத பஃபரும் ஒட்டாது. தை, மாசி வெயில் நல்லது. மற்ற மாதம் என்றால் காலையில் வெயில் ஏறிய பிறகு தொடங்கி, பின்னேர மழைக்கு முன் முடியுங்கள். மெட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வையுங்கள்.

வேலை முறை

1. கழுவுதல். பஃபரைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஒரு நாள் நன்றாகக் காய விடுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்காதீர்கள். எண்ணெய்ப் பசை நின்றுவிடும்.

2. வெடிப்பை நிறுத்துதல். வெடிப்பு முடிகிற இரண்டு முனையிலும் 3 மில்லிமீற்றர் ட்ரில்லால் ஒரு சின்னத் துளை போடுங்கள். இது செய்யாவிட்டால் ஓட்ட ஓட்ட வெடிப்பு நீளும்.

3. நேராக்குதல். இரண்டு பக்கமும் மட்டமாக வரும்படி சேர்த்து, வெளிப்பக்கம் அகலமான டேப் ஒட்டிப் பிடித்துவிடுங்கள். இந்த இடத்தில் கோணினால் கடைசி வரை கோணல்தான்.

4. உள்பக்கம் தேய்த்தல். வெடிப்பைச் சுற்றி 4 அங்குலத்துக்கு 40 நம்பர் தாளால் நன்றாகத் தேயுங்கள். பழைய பெயின்ட், மினுக்கம் ஒன்றும் இருக்கக் கூடாது. தூளைத் தட்டிவிட்டு அசிட்டோனால் துடைத்துக் காய விடுங்கள்.

5. மெட் வெட்டுதல். 8 அங்குல வெடிப்புக்கு மூன்று துண்டு: 10க்கு 3 அங்குலம், 12க்கு 5, 14க்கு 7. ஓரத்தைக் கத்தரியால் வெட்டாமல் கையால் பிய்த்தால் நார் படிந்து ஒட்டும். மூன்று துண்டும் சேர்ந்து ஏறக்குறைய 55 கிராம் வரும். ரெசின் மெட்டின் நிறையைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு, அதாவது 110 முதல் 140 கிராம். தராசு இல்லாதவர்களுக்கு: 90 மில்லி லீற்றர் ரெசின் ஏறக்குறைய 100 கிராம்.

6. கலக்குதல். இதுதான் கவனமான இடம். ரப்பர் மலையில் வேலை செய்கிறவர்களுக்கு இது நன்றாக விளங்கும். பாலுக்கு அசிட் குறைந்தால் உறையாது, கூடினால் ஷீட் கெட்டுப்போகும். ரெசினும் அப்படித்தான். 100 கிராம் ரெசினுக்கு ஹார்டனர் 1 முதல் 2 மில்லி லீற்றர்தான். டின்னில் வேறு அளவு எழுதியிருந்தால் அதன்படி செய்யுங்கள். "கொஞ்சம் கூட விட்டா சீக்கிரம் காயுமே" என்று ஊற்றினால் கோப்பை சூடேறிப் புகையும், வேலையும் வெடிக்கும். மொத்தத்தையும் ஒரே தடவையில் கலக்காமல் 70 கிராம், 70 கிராமாக இரண்டு தடவை கலக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் ஹார்டனர் 1 மில்லி லீற்றர், சிரிஞ்சில் அளந்து. ஒரு நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். நம்ம வெயிலில் கால் மணித்தியாலத்துக்குள் கட்டியாகத் தொடங்கலாம். ஆகவே மெட், பிரஷ் எல்லாம் முதலே தயாராக இருக்கட்டும்.

7. ஒட்டுதல். உள்பக்கம் முதலில் ரெசின் பூசுங்கள். சின்னத் துண்டை வைத்துப் பிரஷால் குத்திக் குத்தி ஊற வையுங்கள். இழுத்துத் தேய்த்தால் நார் விலகிப்போகும். வெள்ளையாக இருந்த மெட் கண்ணாடி போலத் தெளிந்தால் ஊறிவிட்டது. வெள்ளைப் புள்ளி நின்றால் அங்கே காற்று இருக்கிறது, குத்தி வெளியே எடுங்கள். அதன்மேல் நடுத் துண்டு, பிறகு பெரிய துண்டு. மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் கனம் வரும்.

8. காய விடுதல். 24 மணித்தியாலம் தொட வேண்டாம். மேல்பக்கம் கொஞ்சம் பிசுபிசுப்பாக நின்றால் பயப்பட வேண்டாம். காற்றுப் படுகிற பக்கம் அப்படித்தான் இருக்கும். அசிட்டோனால் துடைத்துவிடலாம்.

9. வெளிப்பக்கம். டேப்பை எடுத்து, வெடிப்பு ஓடிய கோட்டை ஆப்பு வடிவில் கொஞ்சம் அகலமாக்கித் தேயுங்கள். இப்போதுதான் பட்டிக்கு வேலை. மெல்லிசாகத் தடவி, காய்ந்ததும் கட்டையில் தாளைச் சுற்றி 80, 180, 320 என்று வரிசையாகத் தேய்த்து, பிரைமரும் பெயின்ட்டும் அடியுங்கள்.

தேய்க்கிற தூள் உடம்பில் பட்டால் அரிக்கும். மாஸ்க் போட்டு, முழுக்கைச் சட்டை போட்டுத் தேயுங்கள். கடைசித் தேய்ப்புகளைத் தண்ணீர் தொட்டுச் செய்தால் தூள் பறக்காது. அதற்கு ஏற்ற தாள் கேட்டு வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். அந்த உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.

ஹார்டனர் போத்தல்: எங்கள் பிழையும் இதில் உண்டு

தம்பியின் கதைக்கு வருவோம். அவருடைய பெரியப்பா மகன் கொழும்பில் ஒரு பைபர் பட்டறையில் வேலை செய்து, 2020 ஊரடங்கில் ஊருக்கு வந்தவர். அண்ணனும் தம்பியும் சேர்ந்து மேலே சொன்ன முறைப்படி செய்வதாக முடிவெடுத்தார்கள். "பெரிய டின் வாங்கிக் காச வீணாக்காம, வேண்டிய அளவு மட்டும் பிரிச்சு வாங்கி வாங்க" என்று சொன்னது நாங்கள்தான். செலவைக் குறைக்கிற எண்ணத்தில் சொன்னோம். எதில் வாங்குவது என்று சொல்லவில்லை.

அவர்கள் ஹார்டனரை ஒரு வெறும் ஜிஞ்சர்பியர் போத்தலில் வாங்கி வந்தார்கள். தண்ணீர் மாதிரித் தெளிவான சாமான். இஸ்தோப்பில், தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பஃபரைக் கழற்றப் போனார்கள். பிள்ளைக் காம்பராவில் இருந்து வந்த நாலு வயதுப் பெண் பிள்ளை போத்தலைத் தூக்கி மூடியைத் திருகப் பார்த்தது. அப்பாயி வெற்றிலை இடித்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தார். "அடியே, வைடி அத!" என்று பறித்துவிட்டார். அப்பாயி அன்றைக்கு அங்கே இல்லாதிருந்தால் நாங்கள் இந்தப் பாடத்தை எழுதியிருக்க மாட்டோம். வேறு ஒன்றைத்தான் எழுத வேண்டி வந்திருக்கும்.

அந்தச் சாமான் என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ளுங்கள். கண்ணில் பட்டால் கருவிழியைச் சுடும். பார்வையே போகலாம். குடித்தால் தொண்டையையும் குடலையும் எரிக்கும், உயிரையும் எடுக்கும். கோபால்ட்டும் ஹார்டனரும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் நெருப்புப் பிடித்து வெடிக்கும். அதனால்தான் கோபால்ட் கலந்த ரெசினாகவே வாங்கச் சொன்னோம்.

ஆகவே எல்லாரும் கடைப்பிடிக்க வேண்டியவை:

ஹார்டனரை அதற்கென்றே வந்த போத்தலில், பேர் எழுதியபடிதான் வாங்க வேண்டும். சாராயப் போத்தல், சோடாப் போத்தல், மருந்துப் போத்தல் ஒன்றிலும் ஊற்றக் கூடாது. பூட்டுப் போட்ட பெட்டியில், வெயில் படாத இடத்தில், அடுப்புக்குத் தள்ளி வைக்க வேண்டும்.

கலக்குகிற கோப்பை சாப்பாட்டுக்கு மறுபடி வரக் கூடாது.

மிஞ்சின ரெசினைக் கோப்பையிலேயே விட்டால் சூடேறும். தகரத்தின்மேல் மெல்லிசாக ஊற்றி, வெளியில் இறுக விடுங்கள். ஓடையில் ஊற்ற வேண்டாம். ஹார்டனர் பட்ட துணியைச் சுருட்டி வைக்காமல் தண்ணீரில் நனைத்துவிடுங்கள்.

கண்ணில் பட்டால் உடனே ஓடுகிற தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் இமையைத் திறந்து பிடித்துக் கழுவ வேண்டும். தாய்ப்பால் விடுவது, எண்ணெய் விடுவது ஒன்றும் வேண்டாம். கழுவியதும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. எரித்துக்கொண்டு போனது திரும்பி வரும்போதும் எரிக்கும். 1990க்குப் போன் எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். போத்தலையும் கையோடு கொண்டு போனால் டாக்டருக்கு உதவியாக இருக்கும்.

வண்டிக்காரரிடம் சொல்வது

ஒட்டிய பஃபரை ஒட்டியது என்று சொல்லிவிட வேண்டும். எங்கள் தம்பி வண்டிக்காரரைக் கூப்பிட்டு, பெயின்ட் அடிக்க முன்னமே உள்பக்கத்தைக் காட்டினார். அவர் கையால் அமுக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். "இது முந்தியத விட மொத்தமா இருக்கே" என்றார். சம்பளத்தில் கழிக்கவில்லை. அம்மாவும் முற்பணத்தைத் தீபாவளிக்கே எடுத்தார். இதை எழுதுகிறபோது அந்தப் பஃபர் அதே ரோட்டில் ஐந்து மாதம் ஓடிவிட்டது.

அந்த வீட்டு இஸ்தோப்பில் இப்போது ஒரு பழைய மரப்பெட்டி பூட்டோடு இருக்கிறது. சாவி அப்பாயியின் முந்தானையில்.

டிவிசன் கூட்டத்தில் கேட்க ஐந்து கேள்விகள்

1. பட்டி மட்டும் தடவினால் ஏன் மறுபடி வெடிக்கிறது?
2. பைபரையும் பிளாஸ்டிக்கையும் உப்புத்தாளால் எப்படிப் பிரித்து அறிவது?
3. 200 கிராம் ரெசினுக்கு ஹார்டனர் எவ்வளவு?
4. கோபால்ட்டை ஏன் தனியாக வாங்கக் கூடாது?
5. ஹார்டனர் கண்ணில் பட்டால் முதலில் செய்வது என்ன?

ஐந்துக்கும் விடை இந்தப் பாடத்துக்குள்ளேயே இருக்கிறது. எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர்கள் வீட்டில் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். முக்கியமாக, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற அப்பாயிமாருக்கும் அம்மாயிமாருக்கும் ஹார்டனர் போத்தல் பகுதியை ஒரு தரத்துக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டுங்கள்.